கோடு விழுந்த மேல்வயல்

குட்ரூன் அக்கா கல்யாணம் செய்துகொண்டு அக்கரைக்குப் போன அந்தக் குளிர்காலத்தில்தான் ஆஸ்லாக்கின் மேல்வயல் செத்துப்போனது.

அறுபதைத் தாண்டியவளுக்குக் கல்யாணமா என்று மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் எங்கள் ஃபியோர்டின் இரு கரையிலும் ஆச்சரியப்பட்டார்கள். ஆஸ்லாக் அவளுக்குத் தம்பி, என் பள்ளித் தோழன், பக்கத்துப் பண்ணைக்காரன். அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தம்பியுமாக அந்தச் சரிவில் செம்மறி வளர்த்துக்கொண்டு இருந்தார்கள். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது அப்படித்தான் என்று ஊருக்கும் பழகிப்போயிருந்தது. மாப்பிள்ளை ரைதார், படகில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். கார் ஏற்றும் அந்தப் படகில் போகிற வருகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வந்து பெண் கேட்டார், அவளும் சரி என்றுவிட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

நவம்பரில் அக்கரைத் தேவாலயத்தில் கல்யாணம். ஆஸ்லாக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். விருந்துக் கூடத்தில் கேக் வெட்டுவதற்கு முன்பே எழுந்து, "ஆட்டுக்குத் தீனி போடணும்" என்று சொல்லிவிட்டுப் படகைப் பிடித்துவிட்டான். ஆடுகளுக்கு அன்று காலையிலேயே நான் தீனி போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அது அவனுக்கும் தெரியும்.

பிறகு குளிர் வந்தது. ஜனவரி முடிவில் பனியின் மேல் மழை பெய்தது. அந்த ஈரம் அப்படியே உறைந்து வயல் முழுக்கக் கண்ணாடி மூடியது போல் கெட்டித்தது. புல்லுக்கு மூச்சு விட வழியில்லை. அந்தக் கண்ணாடி ஏப்ரல் வரை விலகவில்லை.

அந்த மாதங்களில் ஆஸ்லாக் யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறான். மார்ச்சில் ஒருநாள் விதைக்காகப் பண்ணைக் கடைக்குப் போன் செய்தானாம். அந்தப் பக்கம் கடைக்காரி "ஹலோ, யாரு?" என்று கேட்டதும் வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. அவள் வைத்துவிட்டாள். தொழுவத்துக்குப் போய் ஆடுகளிடம் கொஞ்ச நேரம் சத்தமாகப் பேசிப் பார்த்துவிட்டு வந்து மறுபடி போன் செய்தானாம். இதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

பனிக்கட்டி விலகியபோது புளித்த வாடை அடித்தது. நான் வேலியோரமாகப் போய் நின்றேன். ஆஸ்லாக் குனிந்து ஒரு கைப்பிடி புல்லை இழுத்தான். உதிர்கிற முடி போல வேரோடு வந்தது.

"போச்சா?"

"போச்சு."

"முழுசுமா?"

"கீழ்வயல்ல பாதி பொழைச்சிருக்கு. மேல ஒண்ணும் இல்ல."

"அக்காகிட்ட சொன்னியா?"

"அவகிட்ட எதுக்கு? அவ வீடு அங்க. அங்க புல்லு நல்லா இருக்கும்."

"ரைதார் வீட்டுல புல்லு ஏதுடா? முன்னால நாலு ரோஜாச் செடி, ஒரு கொடிக்கம்பம். அவ்வளவுதான்."

"அப்ப அத மேயட்டும்" என்றான்.

மேல்வயல் மிகவும் சரிவு. டிராக்டரைக் கொண்டு எப்படியோ கிளறிப் பரம்படித்துவிடலாம், ஆனால் விதைப்பது எப்போதும் கையால்தான். திமோத்தி என்கிற தீவனப் புல்லின் விதை கசகசாவைப் போலப் பொடி. மணலோடு கலந்து வீசினால்தான் சீராக விழும். விழுந்த பிறகு மண்ணில் கண்ணுக்கே தெரியாது. எதுவரை வீசினோம், எங்கே விட்டோம் என்று நடப்பவனால் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒருவர் குச்சிகளோடு கூடவே நடந்து, முடிந்த இடத்தில் நட்டு, அடுத்த வரிக்கு அடையாளம் வைக்க வேண்டும். அந்த வேலையைச் சிறு வயதிலிருந்தே குட்ரூன்தான் செய்தாள். அவள் குச்சி நட, அவன் வீச, இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் மேலும் கீழும் போய்வருவதை ஒவ்வொரு முறை விதைக்கும்போதும் நான் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் நிலம் காய்ந்ததும் அவன் விதை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போவதைக் கண்டு நானும் போனேன்.

"நான் வந்து குச்சி நடட்டுமா?"

"நீ நட்டா கோணலா நடுவ. பள்ளிக்கூடத்துலயே உனக்கு நேர்கோடு வராது."

"உனக்கு மட்டும் வந்துச்சா?"

"எனக்கு வராதுன்னுதான் நான் குச்சி நடல" என்றான். சிரிப்பது போல முகம் வைத்திருந்தான். ஆனால் விதைக் கூடையோடு எனக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டான். நான் வந்துவிட்டேன்.

அன்று முழுக்கத் தனியாக விதைத்தான். ஒரு வரி வீசுவான், கூடையைக் கீழே வைப்பான், குச்சியை எடுத்துக்கொண்டு திரும்ப நடப்பான், நடுவான், மறுபடி மேலே ஏறுவான். மதியத்துக்கு மேல் குச்சி நடுவதையே விட்டுவிட்டான். கண்ணை நம்பி வீச ஆரம்பித்தான். சாயங்காலம் நல்ல மழை பிடித்தது. விதைத்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் புல் முளைத்தது. ஒரு பட்டை பச்சை, ஒரு பட்டை வெறும் மண். பிறகு ஒரு பட்டை பச்சை. சில இடத்தில் இரண்டு முறை விழுந்து ஆட்டு ரோமம் போல அடர்ந்திருந்தது. பக்கத்தில் நின்றால் அவ்வளவாகத் தெரியாது. தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் தெரியும். படகில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கோடு போட்ட துணி மாதிரி இருக்கிறது என்று மாலுமி ஒருவன் அதற்கு "ஆஸ்லாக்கின் பைஜாமா" என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. கடையில் ஒருவர், "பைஜாமா காஞ்சிருச்சா ஆஸ்லாக்?" என்று கேட்டாராம். ஊற்றிய காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அதன் பிறகு கடைப்பக்கமே போகவில்லை. ரொட்டியும் பழுப்புச் சீஸும் நான்தான் வாங்கிக்கொண்டு போனேன்.

கோடையில் ஆடுகளும் மலைக்கு மேயப் போய்விடும். தொழுவம் காலி, வீடும் காலி. எங்களுக்கு அப்போது இருட்டே கிடையாது. தூங்காத மனிதனுக்கு அந்த வெளிச்சம் பெரிய தொந்தரவு. வெறும் பட்டைகளில் களை முளைப்பதைப் பார்த்துக்கொண்டு அவன் படியில் உட்கார்ந்திருப்பான். நான் போனால் நகர்ந்து இடம் விடுவான். 

ஆகஸ்டு தொடக்கத்தில், மாலை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டத் தொடங்கியிருந்த நாட்களில், ஒரு காலைப் படகில் குட்ரூனும் ரைதாரும் வந்து இறங்கினார்கள். காரின் பின்பக்கம் விதை மூட்டை, குச்சிகள், மூன்று புல்வாரி. குட்ரூன் வீட்டிலிருந்தே ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நேரே மேல்வயலின் ஓரத்தில் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். வேலி சரிசெய்துகொண்டிருந்த நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். ஆஸ்லாக் வீட்டிலிருந்து மெதுவாக ஏறி வந்தான்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"புல்லு."

"இது புல்லா? கோடு போட்ட சட்டைத்துணி மாதிரி இருக்கு."

"பைஜாமாங்கிறாங்க."

"தெரியும். இவரு படகுத்துறையில கேட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. அன்னிக்கு இவருக்கு வெறும் ரொட்டிதான்."

"வெண்ணெய் கூட இல்ல மாப்ள" என்றார் ரைதார்.

ஆஸ்லாக் சிரிக்கவில்லை. "நான் யாரையும் கூப்பிடல."

"கூப்பிடலன்னுதான் வந்திருக்கேன். மே மாசம் பூரா ஜன்னல்கிட்ட நின்னேன். இன்னிக்குக் கூப்பிடுவான், நாளைக்குக் கூப்பிடுவான்னு. நீ ஒத்தையா மேலயும் கீழயும் நடக்கிறது அங்கேர்ந்து எறும்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சுது."

"அப்பவே வந்திருக்கலாம்ல."

"கேக் வெட்டறதுக்குள்ள ஓடினவன் வீட்டுக்கு நானா எப்படிடா வருவேன்?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வா, மழை வர்றதுக்குள்ள முடிப்போம்" என்று வயலுக்குள் இறங்கினாள்.

நானும் சேர்ந்துகொண்டேன். வெறும் பட்டைகளில் களையைப் பிடுங்கி, புல்வாரியால் மண்ணைக் கிளறினோம். குட்ரூன் குச்சி நட்டுக்கொண்டே முன்னால் போனாள். ஆஸ்லாக் வீசினான். ரைதாரும் நானும் மேலே லேசாக மண் மூடி, காலால் அழுத்திக்கொண்டு வந்தோம். ரைதார் எந்த வேலையிலும் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்காத மனிதர். தானும் வீசிப் பார்க்கிறேன் என்று கூடையை வாங்கிக்கொண்டார். விரலிடுக்கு வழியாகப் பாதி விதை அவர் காலடியிலேயே விழுந்தது.

"கொட்டுது மச்சான், விரல மூடுங்க" என்றான் ஆஸ்லாக்.

குட்ரூன் குனிந்த நிலையிலேயே ஒரு கணம் நின்றாள். அவன் அவரை முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு குச்சியை ஊன்றிவிட்டு நகர்ந்தாள்.

மதியம் அவள் காப்பி போடக் கீழே போனாள். நாங்கள் மூவரும் கல்லின் மேல் உட்கார்ந்தோம். ரைதார் தொப்பியைக் கழற்றி, எதிரே தண்ணீரையும் அக்கரையையும் பார்த்தார்.

"இத்தன வருஷமா படகுலேர்ந்து இந்த மேட்டப் பாத்திருக்கேன் மாப்ள. இங்க வந்து உக்காருறது இன்னிக்குத்தான்."

"ஏன், யாரு வேண்டாம்னா?"

"உங்கக்காதான். மொதல்ல கேட்டப்ப எனக்கு முடியெல்லாம் கறுப்பு. தம்பிக்கு ஒண்ணு ஆகட்டும், அவனத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்னா. நானும் சரின்னேன். அப்புறம் அவ படகுல வரும்போதெல்லாம் டிக்கெட்டக் குடுத்துக்கிட்டே கேப்பேன், என்ன, தம்பிக்குப் பொண்ணு கெடச்சுதான்னு. இல்லன்னு தலைய ஆட்டுவா. சரி, அடுத்த தடவ பாப்போம்னு மிச்சக் காசக் குடுப்பேன்." அவர் சிரித்தார். "இந்தக் கரையில ஒரு பொண்ணு கூடவா உன்னப் பாக்கல? எனக்காகவாவது ஒருத்தியக் கட்டியிருக்கலாமே மாப்ள."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் மனதில் கசப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஆஸ்லாக்கின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியாது" என்றான் ஆஸ்லாக்.

"தெரியாதுங்கிறது எனக்குத் தெரியும். விடு, பழைய கதை. இப்ப என்ன கொறஞ்சுபோச்சு?"

குட்ரூன் காப்பியும் வாஃபிளும் கொண்டுவந்தாள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"படகுக் கதைதான்" என்றார் ரைதார்.

அதன் பிறகு ஆஸ்லாக் கடைசி வரி வரை நிற்காமல் வீசினான். முடிக்கும்போது தூறல் ஆரம்பித்தது. மாலைப் படகுக்கு அவர்கள் கிளம்பினார்கள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான்.

"அக்கா."

"என்னடா?"

வாய் அசைந்தது. "படகு போயிடும். கெளம்பு" என்றான்.

செப்டம்பரில் ஆடுகளை மலையிலிருந்து இறக்கினோம். புதிதாக முளைத்த பட்டைகளில் அவை கால் வைக்காமலிருக்க வேலி போட வேண்டியிருந்தது. நானும் அவனும் கம்பம் நட்டுக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து பேசாதவன், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு திடீரென்று கேட்டான்.

"சன்னிவாவ ஞாபகம் இருக்கா உனக்கு?"

சன்னிவா, நாங்கள் பெரியவர்களான பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் ஆசிரியையாக இருந்தவள். பிறகு வடக்கே எங்கோ மாற்றலாகிப் போய்விட்டாள். அவளும் ஆஸ்லாக்கும் ஒரு கோடையில் மீன் பிடிக்கப் போய்வந்தார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

"இருக்கு."

"அவ கேட்டா. இங்கயே இருந்துக்கறேன், மாத்தல் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்னா. நான்தான் முடியாதுன்னேன்."

"ஏன்டா?"

"ஒரே சமையலறை. சன்னிவா வந்தா அக்கா எங்க போவா? அவளுக்குன்னு யாரு இருக்கா? இந்த வீட்டுக்கே ஒழச்சவ. அவளுக்கு ஒண்ணு அமையட்டும், அப்புறம் பாக்கலாம்னு இருந்தேன்." கம்பத்தின் தலையைக் கையால் தடவினான். "அவ எனக்காக இருந்திருக்கா. நான் அவளுக்காக இருந்தேன். ஒரே மேசையில எதிரெதிரா உக்காந்து உருளைக்கெழங்கு உரிச்சிருக்கோம்."

"அக்காகிட்ட சொல்லு" என்றேன்.

"எதுக்கு? அவ இப்பதான் ஒரு எடத்துல சந்தோஷமா இருக்கா. இதச் சொன்னா அங்க உக்காந்து அழுவா. நீயும் சொல்லாத. அடி."

நான் சுத்தியலால் அடித்தேன். குட்ரூன் உயிரோடு இருந்தவரை இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவளும் இல்லை, ரைதாரும் இல்லை.

அக்டோபர் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முதல் முறையாக அக்கா வீட்டுக்குப் போனான். போய்வந்ததை அவனே பின்னால் எனக்குச் சொன்னான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அந்த ஆண்டு அறுத்த ஆட்டின் தொடை ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். குட்ரூன் முட்டைக்கோஸோடு ஆட்டுக்கறி வேகவைத்து, மிளகு தூக்கலாகப் போட்டிருந்தாளாம். மூவரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, தட்டுகளை அடுக்கிக்கொண்டே அவள் கேட்டாள்.

"நீ ஏண்டா கட்டிக்கல? இத்தன வருஷத்துல நான் உன்ன ஒரு தடவ கூடக் கேட்டதில்ல."

அவள் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டதாம். ரைதார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

"சோம்பேறித்தனம்தான்" என்றான் ஆஸ்லாக். "நீ ஆக்கிப் போட்ட, நான் தின்னேன். எனக்கெதுக்கு இன்னொருத்தி?"

"நெசமாவா?"

"பின்ன என்ன? யாரு அக்கா என்னக் கட்டிக்குவா? குளிக்கறதே சனிக்கிழமைதான்."

ரைதார் சத்தமாகச் சிரித்தார். குட்ரூனும் சிரித்தாள். அவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அவள் நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. நம்பியிருக்க வேண்டும் என்றுதான் என்னிடம் சொன்னான்.

கழுவிய பாத்திரத்தைத் துடைக்க அவன் பக்கத்தில் போய் நின்றபோது ஜன்னல் வழியாகத் தன் பண்ணை தெரிந்தது. அவன் அதை அக்கரையிலிருந்து நிதானமாகப் பார்த்ததே இல்லை. மேல்வயல் முழுக்கப் பச்சை, பட்டையே தெரியவில்லை. பிந்தி விதைத்த இடம் மட்டும் கொஞ்சம் வெளிர். அதற்குக் கீழே வீடு. மணி நாலுக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. சரிவில் என் வீட்டில் விளக்கு எரிந்தது, கீழே கடையில் எரிந்தது. நடுவில் அவன் வீடு இருந்த இடம் கறுப்பாக இருந்தது.

"சாயங்காலமானா பாப்பேன்" என்றாள் குட்ரூன், கையை நுரையிலிருந்து எடுக்காமல். "வெளக்கு வந்துடுச்சுன்னா சரி, உள்ள வந்துட்டான்னு நெனச்சுப்பேன்."

அவன் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

திரும்பும்போது படகில், வழக்கமாக நிற்கும் கார்த்தளத்தில் நிற்காமல் படியேறி மேலே பயணிகள் கூடத்துக்குப் போனான். அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவனுக்குத் தெரிந்தவர்களும் உண்டு. ஒரு காப்பி வாங்கிக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தான். அவர்கள் தலையாட்டினார்கள், அவனும் தலையாட்டினான். இக்கரை வரும்வரை அவனிடம் யாரும் எதுவும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஆனால் கீழே இறங்கிப் போகவும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பனியின் மேல் மழை பெய்யவில்லை. மே மாதம் மேல்வயல் நன்றாக எழுந்தது. ஆஸ்லாக் இன்றும் அங்கேதான் இருக்கிறான், தனியாக. ஆடுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவான். உருளைக்கிழங்கை அவனே உரித்துத் தருவான், மெதுவாக, தோல் அறுந்துவிடாமல்.